சோதனைத் தளம் பூட்டிக்கொள்ள மறுத்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சொந்த சர்வரில் ஒரு சோதனைத் தளம் ஓடுகிறது. உங்களுக்கும் உடன் வேலை செய்யும் ஓரிருவருக்கும் மட்டும் அது தெரிந்தால் போதும். இதில் வரும் பிழைகள் இரண்டு வகை. வர வேண்டியவர் வர முடியாமல் நிற்பது ஒன்று. வரக் கூடாதவர் தாராளமாக வந்துபோவது இன்னொன்று. முதல் வகை என்றால் ஒரே நிமிடத்தில் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது வகையை யாருமே சொல்ல மாட்டார்கள், உங்கள் திரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். அதனால் சத்தமில்லாத பிழைகளை முதலில் வைத்திருக்கிறேன். உங்களையே வெளியே நிறுத்தும் பிழைகள் அதற்கப்புறம். லினக்ஸ் சர்வரில் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

அன்றாடம் பயன்படுத்தும் பிரவுசரில் சோதிக்காதீர்கள். பேசிக் ஆத் என்பது பிரவுசரில் ஒரு பெட்டி வந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் எளிய பூட்டு. அதன் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்துவிட்டால், பிரவுசரை முழுக்க மூடும் வரை அது ஒவ்வொரு கோரிக்கையோடும் அதைத் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் சர்வரில் என்ன மாற்றினாலும் அது பழைய வழியிலேயே போகும். முனையத்திலிருந்தே ஒரு முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளைக்கு இந்த ஞாபகசக்தி கிடையாது. அதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

சர்வருக்குள் இருந்துகொண்டே சோதிப்பதிலும் பயனில்லை. வேறொரு இணைப்பிலிருந்து, உதாரணமாகக் கைப்பேசி டேட்டாவில் இணைத்த மடிக்கணினியிலிருந்து, கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல் கேட்டுப் பாருங்கள். எச்டிடிபியில் ஒருமுறை, எச்டிடிபிஎஸ்ஸில் ஒருமுறை. தளத்தின் பெயரில் ஒருமுறை, வெறும் ஐபி எண்ணில் ஒருமுறை. கர்லில் ஐபிவி4 மட்டும், ஐபிவி6 மட்டும் என்று கட்டாயப்படுத்த 4, 6 என்றே தெரிவுகள் இருக்கின்றன, அவற்றையும் போட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்காவது 200, அதாவது 'இந்தா பக்கம்' என்ற பதில் வந்தால் தளம் திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், மற்ற எல்லாமே 401 சொன்னாலும் சரி.

வரும் எண்ணையும் கவனித்துப் படியுங்கள். 401 என்றால் 'நீ யார் என்று சொல்' என்கிறது. 403 என்றால் 'யாராக இருந்தாலும் சரி, விட மாட்டேன்' என்கிறது. இணைப்பே கிடைக்காமல் நேரம் கடந்துபோனால் பெரும்பாலும் ஃபயர்வால் தரவுப் பொட்டலத்தை விழுங்கியிருக்கும். உடனே மறுப்பு வந்தால் அந்த போர்ட்டில் எவரும் கேட்கவில்லை, அல்லது ஃபயர்வாலே மறுத்து அனுப்புகிறது. பதில் சொன்னது ஃபயர்வாலா, வெப் சர்வரா, அதற்குப் பின்னால் இருக்கும் செயலியா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சோதிக்கும்போது இன்னொரு சன்னலில் பிழை லாக் (சர்வர் எழுதும் பிழைப் பதிவு) ஓடிக்கொண்டிருக்கட்டும். அதைப் பார்க்காமல் அமைப்புக் கோப்பில் கை வைப்பது இருட்டில் ஊசி தேடுவது மாதிரி.

## கடவுச்சொல் வைத்தாகிவிட்டது, ஆனால் தளம் கேட்கவே இல்லை

கர்லிலும் 200தான் வருகிறது என்றால், நீங்கள் எழுதிய விதியை யாரும் படிக்கவில்லை.

அப்பாச்சியில் இதற்கு முதல் சந்தேகம் எச்டிஆக்சஸ் கோப்பு, அதாவது தளத்தின் ஃபோல்டருக்குள்ளேயே விதிகளை எழுதி வைக்கும் கோப்பு. அந்தக் கோப்பைப் படிக்கலாமா என்பதை 'அலோ ஓவர்ரைடு' என்ற வரி தீர்மானிக்கிறது. 2.3.9 பதிப்பிலிருந்து அதன் இயல்பு மதிப்பு 'நன்', அதாவது எதையும் படிக்காதே என்பதுதான். அப்படி இருந்தால் அப்பாச்சி பிழை எதுவும் காட்டாது, கோப்பு இல்லாததுபோலவே நடந்துகொள்ளும். கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: கோப்பின் முதல் வரியில் பொருளில்லாத ஏதாவது ஒரு சொல்லை எழுதிச் சேமியுங்கள். தளம் 500 (சர்வர் பிழை) காட்டினால் கோப்பு படிக்கப்படுகிறது. தளம் எப்போதும்போல ஓடினால் படிக்கப்படவில்லை. படிக்கப்படவில்லை என்றால், கடவுச்சொல் விதிகளுக்கு 'அலோ ஓவர்ரைடு ஆத்கான்ஃபிக்' போதும். சர்வர் உங்களுடையதுதானே, அந்த விதிகளை நேரடியாக வர்ச்சுவல் ஹோஸ்ட் (அந்தத் தளத்துக்கான சர்வர் அமைப்பு) கோப்பிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. தளத்தின் கோப்புகளை மறுபடி பதிவேற்றும்போது பூட்டும் சேர்ந்து அழிந்துபோகும் அபாயம் அப்போது இருக்காது.

என்ஜின்எக்ஸ் எச்டிஆக்சஸ் கோப்பைப் படிப்பதே இல்லை. அப்பாச்சியிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்த தளங்களில் பூட்டு காணாமல் போவது இப்படித்தான்.

என்ஜின்எக்ஸ் அமைப்பிலேயே எழுதியும் பயனில்லை என்றால், எழுதிய கோப்பு இயங்கும் அமைப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின்எக்ஸ் கட்டளைக்குப் பெரிய எழுத்து 'டி' தெரிவைக் கொடுத்தால், அது படிக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக விரித்துக் காட்டும். அங்கே உங்கள் வரி இல்லாவிட்டால் கோப்பு 'சைட்ஸ்-அவைலபிள்' ஃபோல்டரில் மட்டும் கிடக்கிறது, 'சைட்ஸ்-எனேபிள்டு' பக்கம் இணைப்பு போடவில்லை. வரி இருந்தும் நடப்பில் இல்லையா? ரீலோட் செய்தபோது அமைப்பில் எங்கேயாவது பிழை இருந்திருக்கும். அந்த நிலையில் என்ஜின்எக்ஸ் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு ஓடும். தளம் விழாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் உங்கள் பூட்டும் விழாது. சிறிய எழுத்து 'டி' தெரிவு கொடுத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி ரீலோட் செய்யுங்கள்.

அப்பாச்சியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரே பிளாக்கில் 'ரிக்வயர் வேலிட்-யூசர்' என்ற வரியும், முன்பிருந்த 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' என்ற வரியும் சேர்ந்து இருந்தால், இரண்டில் ஒன்று நிறைவேறினாலே போதும் என்று அப்பாச்சி எடுத்துக்கொள்ளும். 'எல்லோருக்கும் அனுமதி' எப்போதும் நிறைவேறும், ஆகவே கடவுச்சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள். பழைய வரியை எடுத்துவிடுங்கள்.

## முகப்பு கேட்கிறது, உள்ளே சில பக்கங்கள் கேட்கவில்லை

இது மோசமான வகை. முகப்பைத் திறந்து பார்த்து, கடவுச்சொல் பெட்டி வந்ததும் திருப்தியாகிப் போய்விடுவோம்.

என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு லொக்கேஷன் பிளாக்கைத்தான், அதாவது ஒரு முகவரிப் பாதைக்கான விதித் தொகுதியைத்தான், இறுதியில் தேர்ந்தெடுக்கும். வேரைக் குறிக்கும் சாய்கோட்டு லொக்கேஷனுக்குள் 'ஆத்_பேசிக்' வரியை வைத்திருக்கிறீர்கள். பிஎச்பி கோப்புகளுக்கு ரெஜெக்ஸில் (எழுத்து வடிவம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கோவையில்) எழுதிய தனி லொக்கேஷன் கீழே இருக்கிறது. ரெஜெக்ஸ் பொருந்தினால் என்ஜின்எக்ஸ் அதைத்தான் எடுக்கும், வேர் லொக்கேஷனில் உள்ள பூட்டு அதற்கு வராது. முகவரியில் ஒரு பிஎச்பி கோப்பின் பெயரை நேராகக் கொடுப்பவர் கடவுச்சொல் இல்லாமல் நிர்வாகப் பக்கம் வரை போய்விடுவார். பூட்டை லொக்கேஷனிலிருந்து எடுத்து, ஒரு படி மேலே சர்வர் பிளாக்கில் வையுங்கள். அங்கே வைத்தால் வேறு எதுவும் சொல்லாத எல்லா லொக்கேஷன்களுக்கும் அது தானாக இறங்கும். எங்கே பூட்டு வேண்டாமோ அங்கே மட்டும் 'ஆஃப்' எழுதுங்கள். ஒவ்வொரு வாசலாகப் பூட்டிக்கொண்டு வருவதைவிட, மொத்தமாகப் பூட்டிவிட்டு ஒன்றைத் திறப்பதில்தான் மறதிக்கு இடம் குறைவு.

ஐபி விதிகளான 'அலோ', 'டினை' வரிகளும் இப்படித்தான் கீழே இறங்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு லொக்கேஷனுக்குள் சொந்தமாக ஒரு 'அலோ' வரி எழுதினாலும் போதும், மேலே உள்ள மொத்தப் பட்டியலும் அங்கே செல்லாமல் போய்விடும். 'மேலே உள்ளதோடு இன்னொரு முகவரியையும் சேர்க்கிறேன்' என்று நினைத்து ஒரே வரி எழுதினால், 'மற்ற எல்லோருக்கும் மறு' என்ற கடைசி வரி அங்கே இல்லாததால் அந்த லொக்கேஷன் ஊருக்கே திறந்துவிடும்.

'ரிட்டர்ன்' வரிக்கும் இதே எச்சரிக்கை. என்ஜின்எக்ஸ் கோரிக்கையைக் கட்டம் கட்டமாக நடத்துகிறது. 'ரிட்டர்ன்' மறுஎழுத்துக் கட்டத்திலேயே முடிந்துவிடும், கடவுச்சொல் கேட்கும் கட்டம் அதற்குப் பின்னால்தான். ஆகவே 'ரிட்டர்ன் 200' என்று ஒரு சோதனைச் செய்தியை எழுதிவிட்டு 'ஆத் வேலை செய்யவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். உண்மையான கோப்பு ஒன்றை வைத்துச் சோதியுங்கள்.

## பெயரில் போனால் பூட்டு, ஐபி எண்ணில் போனால் திறந்திருக்கிறது

வெப் சர்வர் எந்தத் தளத்தைக் காட்டுவது என்பதைக் கோரிக்கையில் வரும் ஹோஸ்ட் பெயரை வைத்து முடிவு செய்கிறது. தெரியாத பெயரோ வெறும் எண்ணோ வந்தால், அந்த போர்ட்டுக்கு எது முதல் பிளாக்கோ அதற்குத் தள்ளிவிடும். உங்கள் தளத்தின் பழைய பிரதி ஒன்று பூட்டில்லாமல் அங்கே இருந்தால் கதை முடிந்தது. எதற்கும் பதில் சொல்லாத ஒரு பிளாக்கை வெளிப்படையாக 'டிஃபால்ட்_சர்வர்' என்று குறித்து வையுங்கள். என்ஜின்எக்ஸில் 'ரிட்டர்ன் 444' எழுதினால் பதிலே அனுப்பாமல் இணைப்பைத் துண்டிக்கும். எச்டிடிபிஎஸ் பக்கத்துக்கு 1.19.4 பதிப்பிலிருந்து 'எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக்' இருக்கிறது. அது சான்றிதழைக்கூடக் காட்டாமல் மறுத்துவிடும், எனவே எண்ணில் வந்தவருக்கு உங்கள் தளத்தின் பெயரும் தெரியாது. ஐபிவி6 கேட்பு வரிக்கும் இதே குறியைத் தனியாகப் போட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

80ஆம் போர்ட்டையும் பாருங்கள். பூட்டை 443 பிளாக்கில் மட்டும் வைத்து, 80 பிளாக் திசைமாற்றாமல் அதே ஃபோல்டரை நேரடியாகப் பரிமாறிக்கொண்டிருந்தால், பூட்டைச் சுற்றிக்கொண்டு வர ஓர் எழுத்தைக் குறைத்தால் போதும். தவிர, பேசிக் ஆத் கடவுச்சொல்லைப் பேஸ்64 வடிவத்தில்தான் அனுப்புகிறது. அது மறையாக்கம் இல்லை, யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். எச்டிடிபியில் கடவுச்சொல் கேட்கவே கூடாது.

அப்புறம் வெப் சர்வரைத் தாண்டிக்கொண்டு செயலிக்கே நேரடியாகப் போகும் வழி. 3000, 8080 போன்ற போர்ட்டுகளில் ஓடும் செயலி 0.0.0.0 என்ற முகவரியில் கேட்டுக்கொண்டிருந்தால், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸுக்கு வேலையே இல்லை. 'எஸ்எஸ்' கட்டளையில் கேட்கும் போர்ட்டுகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். செயலி 127.0.0.1இல் மட்டும் கேட்க வேண்டும்.

டாக்கர் (செயலிகளைக் கண்டெய்னர் என்னும் தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். கண்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் தானாகவே ஐபிடேபிள்ஸ் என்னும் லினக்ஸ் ஃபயர்வால் விதிகளை எழுதிக்கொள்கிறது. யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் நீங்கள் போட்ட தடையை அந்தப் போக்குவரத்து தொடுவதே இல்லை. ஃபயர்வால் நிலையைக் கேட்டால் 'மூடியிருக்கிறது' என்று அது நல்ல நம்பிக்கையோடு சொல்லும், வெளியிலிருந்து கேட்டால் தளம் திறக்கும். போர்ட்டை வெளியிடும் வரியில் முன்னால் 127.0.0.1 சேர்த்து, '127.0.0.1:8080:80' என்று எழுதினால் தீர்ந்தது. வெளியே விட்டே ஆக வேண்டும், ஆனால் வடிகட்டவும் வேண்டும் என்றால், தடை விதிகளை 'டாக்கர்-யூசர்' என்ற சங்கிலியில் எழுதுங்கள். அதற்கென்றே அந்தச் சங்கிலி இருக்கிறது.

## ஐபி முகவரிக் கட்டுப்பாடு வைத்தும் எல்லோரும் வருகிறார்கள்

அணுகல் லாகைத் திறந்து, வந்தவர்களின் முகவரி வரிசையைப் பாருங்கள். எல்லாமே 127.0.0.1 என்றோ 172.17.0.1 என்றோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. உங்கள் வெப் சர்வர் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸிக்கு, அதாவது முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் சர்வருக்குப் பின்னால் இருக்கிறது, அதன் கண்ணில் படுவது அந்த பிராக்ஸி மட்டும்தான். 'உள்முகவரியிலிருந்து வந்தால் விடு' என்று நீங்கள் எழுதிய விதி உலகத்தையே உள்ளே விடுகிறது. அப்பாச்சியில் 'ரிக்வயர் லோக்கல்' எழுதியிருந்தாலும் இதே கதிதான்.

ஐபி கட்டுப்பாட்டை பிராக்ஸியிலேயே வைப்பது எளிய தீர்வு. பின்னால்தான் வைக்க வேண்டும் என்றால், என்ஜின்எக்ஸில் ரியல்ஐபி மாட்யூலும் அப்பாச்சியில் 'மாட்_ரிமோட்ஐபி'யும் உண்மையான முகவரியை, கோரிக்கையோடு வரும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' தலைப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஆனால் அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் தன் விருப்பத்துக்கு எழுதி அனுப்பலாம். நம்ப வேண்டிய பிராக்ஸியின் முகவரியை மட்டும் அமைப்பில் குறியுங்கள். 'எல்லா முகவரிகளையும் நம்பு' என்று எழுதுவது, வருகிறவரே தன் பெயரை அனுமதிப் பட்டியலில் எழுதிக்கொள்ள விடுவதற்குச் சமம்.

ஐபியும் கடவுச்சொல்லும் இரண்டுமே வேண்டும் என்று வைத்தவர்கள் இதையும் கவனியுங்கள். என்ஜின்எக்ஸின் இயல்பு 'சேட்டிஸ்ஃபை ஆல்', அதாவது இரண்டும் நிறைவேற வேண்டும். அப்பாச்சி 2.4இல் அடுத்தடுத்து எழுதிய இரண்டு 'ரிக்வயர்' வரிகளுக்கு இயல்பு இதற்கு நேர் எதிர், ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் கட்டாயமாக்க 'ரிக்வயர்ஆல்' என்ற உறைக்குள் வைக்க வேண்டும். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

பொதுவாக ஐபி பட்டியலை மட்டும் நம்பி ஒரு தளத்தை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியை நிறைய வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64.0.0/10 வரம்புக்குள் இருந்தால் நீங்களும் அப்படித்தான். அப்போது பட்டியலில் நீங்கள் சேர்த்த பொது முகவரியை முகம் தெரியாத பலரும் உங்களோடு பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

## யாருக்கும் சொல்லாத முகவரி, ஆனால் லாகில் அந்நியர்கள்

சப்டொமைனுக்கு விநோதமான பெயர் வைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கிய அன்றே போய்விடுகிறது. சான்றிதழ் நிறுவனங்கள் தாங்கள் வழங்கும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேடுகளில் பதிகின்றன. 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு வழங்கப்பட்ட பொதுச் சான்றிதழ்களுக்கு இந்தப் பதிவு இல்லாவிட்டால் குரோம் அவற்றை ஏற்பதில்லை. அந்தப் பதிவேடுகளை யாரும் தேடலாம், தானியங்கி வருடிகள் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. எல்லா சப்டொமைன்களுக்கும் ஒன்றாகச் செல்லும் வைல்டுகார்டு சான்றிதழ் வாங்கினால் சப்டொமைனின் பெயர் பதிவேட்டில் வராது. அது பெயரைத்தான் மறைக்கும், பூட்டாகாது.

கூகுள் தேடலில் சோதனைத் தளம் வருகிறது என்றால் உடனே, தேடுபொறிகளுக்கு வழிசொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் 'டிஸ்அலோ' எழுதத் தோன்றும். வேண்டாம். அந்தக் கோப்பு ஒரு வேண்டுகோள் மட்டுமே. 2022இல் வந்த, அந்தக் கோப்புக்கான தரநிலையான ஆர்எஃப்சி 9309 ஆவணமே, அது அணுகல் அனுமதிக்கான வழி அல்ல என்று சொல்கிறது. மேலும் 'உள்ளே வராதே' என்று சொல்லப்பட்ட பக்கத்தின் முகவரி, வேறெங்கிருந்தாவது இணைப்பு கிடைத்தால், உள்ளடக்கம் இல்லாமலே தேடலில் வரலாம். 'தேடலில் சேர்க்காதே' என்னும் 'நோஇண்டெக்ஸ்' குறியைத் தேடுபொறி படிக்க வேண்டுமானால் பக்கத்துக்குள் அதை விட்டாக வேண்டும், 'டிஸ்அலோ' போட்டால் அந்தக் குறியையே பார்க்காது. கடவுச்சொல் பூட்டுப் போடுங்கள். 401 பார்க்கும் தேடுபொறி நாளடைவில் தானே நீக்கிவிடும். அவசரம் என்றால் கூகுளின் சர்ச் கன்சோலில் நீக்கக் கோரலாம், அது சுமார் ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக மறைக்கும்.

## 403: நானே உள்ளே போக முடியவில்லை

இப்போது சத்தம் போடும் பிழைகள். 403க்குக் காரணம் உங்கள் விதி என்று உடனே முடிவு கட்டாதீர்கள், லாகில் வரும் சொற்களைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் 'ஆக்சஸ் ஃபர்பிடன் பை ரூல்' என்று எழுதினால் அது உங்கள் 'டினை' வரி. 'பர்மிஷன் டினைடு' என்றால் கோப்பு அனுமதிச் சிக்கல். தளத்தின் ஃபோல்டர் மட்டுமல்ல, வேரிலிருந்து அது வரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் வெப் சர்வர் நுழைய முடிய வேண்டும். 'டைரக்டரி இண்டெக்ஸ்... ஃபர்பிடன்' என்றால் முகப்புக் கோப்பே இல்லை. அப்பாச்சியில் விதி தடுத்தால் ஏஎச்01630 என்ற எண் வரும், ஃபோல்டருக்குள் நுழைய முடியாவிட்டால் ஏஎச்00035.

தடுத்தது விதிதான் என்றால், அதே லாக் வரியில் கிளையண்ட் முகவரி இருக்கும். அதை நீங்கள் அனுமதித்த முகவரியோடு ஒப்பிடுங்கள். நீளமான ஐபிவி6 முகவரி ஒன்று அங்கே இருந்தால், நீங்கள் ஐபிவி4 எண்ணை அனுமதித்திருக்கிறீர்கள், உங்கள் கணினியோ மற்ற வழியாக வருகிறது. அந்த முழு முகவரியையும் அப்படியே பட்டியலில் ஒட்டிவிடாதீர்கள். தனியுரிமைக்காக இயங்குதளங்கள் ஐபிவி6 முகவரியின் பின்பாதியை அடிக்கடி மாற்றும், நாளைக்கே மறுபடி வெளியே நிற்பீர்கள். முன்பாதியை /64 வரம்பாகச் சேர்க்க வேண்டும். லாகில் 192.168 என்று தொடங்கும் ரவுட்டரின் முகவரி வந்தால், சர்வரும் நீங்களும் ஒரே வீட்டு வலையமைப்பில் இருக்கிறீர்கள், ரவுட்டர் உங்கள் கோரிக்கையைத் தன் பெயரில் திருப்பி அனுப்புகிறது.

என்ஜின்எக்ஸில் வரிகளின் வரிசையும் முக்கியம். மேலிருந்து கீழே படித்து முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். 'டினை ஆல்' மேலே இருந்தால் அதற்குக் கீழே எத்தனை 'அலோ' எழுதினாலும் பயனில்லை.

## சரியான கடவுச்சொல்லையும் ஏற்கவில்லை

பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது. நேற்று வரை வேலை செய்த பெயர், இன்று புதிதாக ஒருவரைச் சேர்த்த பிறகு இல்லை. கடவுச்சொல் கோப்பை எழுதும் எச்டிபாஸ்வேர்டு கட்டளையில் 'சி' தெரிவைப் போட்டிருப்பீர்கள். அது 'புதிதாக உருவாக்கு' என்பது, ஏற்கனவே இருக்கும் கோப்பை அழித்துவிட்டுத் தொடங்கும். முதல் ஆளுக்கு மட்டும்தான் அந்தத் தெரிவு. லாகில் 'யூசர் நாட் ஃபவுண்ட்' என்ற வகையில் செய்தி இருந்தால் இதுதான் காரணம். 'பாஸ்வேர்டு மிஸ்மேட்ச்' இருந்தால் பெயர் இருக்கிறது, கடவுச்சொல்தான் தவறு.

கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு பெட்டி மறுபடி வராமல் 500 அல்லது 403 வந்தால் பார்க்க வேண்டியது கடவுச்சொல் கோப்பு. என்ஜின்எக்ஸில் அந்தக் கோப்பு குறிப்பிட்ட இடத்தில் இல்லாவிட்டால் 403 வரும். கோப்பு இருந்தும் படிக்க அனுமதி இல்லாவிட்டால் 500 வரும். அப்பாச்சியில் கோப்பைத் திறக்க முடியாவிட்டால் 500. பாதையை எப்போதும் முழுதாக எழுதுங்கள். அந்தக் கோப்பு தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். 500க்கு இன்னொரு காரணம் ஹாஷ் வகை, அதாவது கோப்பில் கடவுச்சொல்லை உருமாற்றி வைத்திருக்கும் முறை. என்ஜின்எக்ஸ் பிகிரிப்ட் ஹாஷை இயங்குதளத்தின் கிரிப்ட் நூலகத்திடம் கொடுத்துத்தான் சரிபார்க்கிறது. பழைய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் நூலகத்துக்கு அது தெரியாது, லாகில் 'கிரிப்ட்_ஆர் ஃபெயில்டு' என்று வரும். இயங்குதளத்தைப் புதுப்பிக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் எஸ்எச்ஏ-512 வகை ஹாஷை உருவாக்கி வையுங்கள்.

## உள்ளே போயாகிவிட்டது, பாதித் தளம் வேலை செய்யவில்லை

தளத்தின் முகப்பு ஒரு சப்டொமைனிலும் ஏபிஐ (முகப்புக்குத் தரவு கொடுக்கும் பின்பகுதி) இன்னொன்றிலும் இருந்தால், பல கோரிக்கைகளுக்குப் பிரவுசர் முதலில் 'ஆப்ஷன்ஸ்' என்ற முன்கோரிக்கை ஒன்றை அனுப்பும். அதில் கடவுச்சொல் இருக்காது, அது விதிமுறை. ஏபிஐ பக்கம் 401 சொன்னால் அதோடு எல்லாம் நின்றுவிடும், பிரவுசர் கன்சோலில் கோர்ஸ் (வேறு டொமைனை அழைப்பதற்கான விதி) பிழை என்று வரும், நீங்கள் கோர்ஸ் தலைப்புகளைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். 'ஆப்ஷன்ஸ்' முறைக்கு மட்டும் பூட்டை விலக்கலாம். சோதனைத் தளம்தானே, ஏபிஐயை அதே டொமைனில் ஒரு பாதையாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

செயலி தன் டோக்கனை (உள்நுழைந்தவருக்கான அடையாளச் சீட்டை) 'ஆதரைசேஷன்' தலைப்பில் 'பேரர்' என்று அனுப்பினால், பேசிக் ஆத்தும் அதே தலைப்பைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டுக்கும் ஒரே இடம், ஒன்று போனால்தான் மற்றது வரும். இதற்குச் சந்து பொந்து தேடாமல் பேசிக் ஆத்தை விட்டுவிட்டுக் கீழே சொல்லும் டனல் வழிக்குப் போய்விடுங்கள்.

மேனிஃபெஸ்ட் கோப்பு (தளத்தைச் செயலிபோல நிறுவ உதவும் விவரக் கோப்பு) மட்டும் 401 காட்டினால் பயப்பட வேண்டாம். பிரவுசர் அதை இயல்பாகக் கடவுச்சொல் இல்லாமல் கேட்கும். அந்த லிங்க் குறியில் 'கிராஸ்ஆரிஜின்' பண்புக்கு 'யூஸ்-கிரெடன்ஷியல்ஸ்' கொடுத்தால் சரியாகும். வெளிச்சேவைகள் திருப்பி அழைக்கும் வெப்ஹுக் முகவரிகள் 401இல் முட்டினால் அந்த ஒரு பாதையை மட்டும் திறந்து, கையொப்பச் சரிபார்ப்பைச் செயலியில் வையுங்கள்.

## பூட்டிய சில வாரங்களில் சான்றிதழ் புதுப்பிப்பு தோற்கிறது

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் எச்டிடிபி முறையில் சரிபார்க்கும்போது, 80ஆம் போர்ட்டில் 'வெல்-நோன்' என்ற ஃபோல்டருக்குள் ஒரு கோப்பைத் தேடி வரும். உங்கள் பூட்டு அதையும் நிறுத்திவிடுகிறது. அதன் முகவரிகளை அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாமே என்றால், அவற்றை அவர்கள் வெளியிடுவதில்லை, பல இடங்களிலிருந்தும் சரிபார்க்கிறார்கள். அந்தக் கோப்பு இருக்கும் 'ஆக்மி-சேலஞ்ச்' பாதைக்கு மட்டும் கடவுச்சொல்லையும் ஐபி தடையையும் விலக்குங்கள். 80ஆம் போர்ட்டே மூடியிருக்க வேண்டும் என்றால், டொமைனின் டிஎன்எஸ் பதிவை வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு மாறுங்கள், அதற்கு எந்த போர்ட்டும் திறந்திருக்க வேண்டியதில்லை. புதுப்பிப்பை ஒத்திகையாக ஓட்டும் தெரிவு, சான்றிதழ் வாங்கும் கருவியான செர்ட்பாட்டில் இருக்கிறது. பூட்டுப் போட்ட அன்றே அதை ஓட்டிப் பார்த்தால் சான்றிதழ் காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

## டனல் வழியாகப் போனால் வேறு தளம் வருகிறது

நீங்கள் ஒருவர் மட்டும் பார்ப்பதானால் எஸ்எஸ்எச் டனல் (எஸ்எஸ்எச் இணைப்புக்குள் போகும் மறையாக்கப்பட்ட வழி)தான் என் முதல் தேர்வு. தளத்தை 127.0.0.1இல் மட்டும் கேட்க வைத்து, உங்கள் கணினியின் 8080ஐ சர்வரின் 80உடன் இணைத்துவிடலாம். வெளியே எதுவும் திறந்திருக்காது. இரண்டு மூன்று பேர் என்றால் வயர்கார்டு என்ற விபிஎன். வெளியாள் ஒருவருக்குக் காட்ட வேண்டும், அவரிடம் எதையும் நிறுவச் சொல்ல முடியாது என்றால் மட்டும் எச்டிடிபிஎஸ் மேல் பேசிக் ஆத்.

டனலில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கேட்டால், சர்வருக்குப் போகும் ஹோஸ்ட் பெயரும் அதுதான். ஆகவே டிஃபால்ட் தளம் வரும். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சோதனைத் தளத்தின் பெயரை 127.0.0.1க்குக் காட்டி, அந்தப் பெயரிலேயே திறவுங்கள். அப்போதும் நேரலைத் தளத்துக்குத் தாவினால் அது செயலியின் வேலை. வேர்ட்பிரஸ் தன் முகவரியைத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது, பிரதி எடுத்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. அந்த மதிப்பை மாற்றுங்கள். அதே பிரதியில் உண்மையான பயனர்களின் மின்னஞ்சல்களும் இருக்கின்றன. உள்ளே வருபவர்களை எவ்வளவு பூட்டினாலும் வெளியே போகும் அஞ்சலை அது தடுக்காது, மின்னஞ்சல் அனுப்புவதைத் தனியாக நிறுத்த வேண்டும்.

வயர்கார்டு முகவரியில் மட்டும் கேட்கும்படி வைத்த என்ஜின்எக்ஸ், சர்வர் மறுதொடக்கம் ஆன பிறகு எழவே இல்லையா? லாகில் 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று இருக்கும். வயர்கார்டு இடைமுகம் எழும் முன்னரே என்ஜின்எக்ஸ் அந்த முகவரியைப் பிடிக்கப் பார்த்திருக்கிறது. சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி-யில் என்ஜின்எக்ஸ் சேவைக்கு, வயர்கார்டு சேவைக்குப் பிறகு தொடங்கும்படி ஒரு 'ஆஃப்டர்' வரி சேருங்கள். இல்லாவிட்டால் கெர்னலின் 'ஐபி_நான்லோக்கல்_பைண்ட்' அமைப்பை 1 ஆக்குங்கள். இந்தத் தொல்லைக்குப் பயந்து 'லிசன்' வரியை மறுபடி எல்லா முகவரிக்கும் திறந்துவிடாதீர்கள். தளம் உடனே எழுந்துவிடும், ஆனால் ஊருக்கெல்லாம் எழும்.